கற்றாழையைக் கொல்லும் கார்த்திகை

கோவில்பட்டிக் கடைவீதியில் நடக்கும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். எத்தனையோ கடைகளின் நிலைக்கு மேலே ஒரு சோற்றுக்கற்றாழை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கறுப்புக் கயிற்றில் படிகாரக் கட்டி, எலுமிச்சை மிளகாய்ச் சரம். எல்லாம் கண்ணேறு படாமல் இருக்க. எலுமிச்சை ஒரு வாரத்தில் சுருங்கிவிடும், மாற்றிவிடுவார்கள். கற்றாழையை யாரும் மாற்றுவதில்லை. வேரோடு பிடுங்கிக் கட்டிய நாளிலிருந்து அதற்கு மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் அனல் நேரே அதன் மேல்தான் இறங்கும். அப்படியும் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். தரையைப் பார்த்துக் கட்டப்பட்ட செடியின் நடுக்குருத்து மெல்ல வளைந்து மேல்நோக்கித் திரும்பியிருக்கும். எது மேல், எது கீழ் என்ற கணக்கு அதற்கு இன்னும் மறக்கவில்லை. சில செடிகள் அந்த நிலையிலேயே பூத்தண்டும் விடும்.

இதே ஊரில், மொட்டைமாடித் தொட்டியில், புஞ்சையிலிருந்து அள்ளி வந்த நயம் கரிசல் மண்ணில், நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் கற்றாழை ஐப்பசி, கார்த்திகையில் அடி அழுகிச் சாகிறது. பட்டினி கிடக்கும் செடி பிழைக்கிறது, ஊட்டி வளர்த்தது சாகிறது. திருஷ்டி கழிந்ததா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் இந்த இரண்டு செடிகளுக்கும் நடப்பது என்ன என்பதை விஞ்ஞானம் நன்றாகவே விளக்குகிறது.

ஒரு செடி வளர வேண்டுமானால் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை உள்ளே இழுக்க வேண்டும். அதற்கு இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே போகும். தவிர்க்க முடியாத பண்டமாற்று இது. எந்தச் செடி எவ்வளவு மலிவாக முடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கரிசல் காட்டில் இதன் மூன்று விலைகளையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். பருத்தி, உளுந்து போன்ற சாதாரண வகைச் செடிகள் ஒரு கிராம் கார்பன் டைஆக்சைடைப் பிடிக்க ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கின்றன. சோளமும் கம்பும் சேர்ந்த இரண்டாவது வகை 250 முதல் 300 கிராமில் முடித்துவிடும். கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் சேர்ந்த மூன்றாவது வகைக்கு 50 முதல் 100 கிராம் போதும்.

இந்தச் சிக்கனத்தின் ரகசியம் நேரம். கோடையில் பகல் முழுக்க ஜன்னலைச் சாத்தி வைத்து, பொழுது சாய்ந்த பிறகு திறந்துவிடுகிற வீட்டைப் போலத்தான் கற்றாழை இலை. வெயில் நேரத்தில் அதன் இலைத்துளைகள் மூடியிருக்கும். இரவில் காற்று குளிர்ந்து, ஈரப்பதம் கூடிய பிறகு திறக்கும். ஆனால் இரவில் வெளிச்சம் இல்லையே, ஒளிச்சேர்க்கை எப்படி? அதற்காகத்தான் உள்ளே வந்த கார்பன் டைஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றி, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் இரவெல்லாம் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, அந்த அமிலத்தைப் பிரித்து, வெளிவரும் கார்பன் டைஆக்சைடை வெயிலின் துணையோடு சர்க்கரையாக்கிக்கொள்கிறது. ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமும் இதே மாலிக் அமிலம்தான்.

இந்த இரவு வேலையை நாக்கால் கண்டுபிடித்தவர்களில் ஒருவருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர். மொராவியன் சபை ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, 1819இல் சென்னையிலேயே காலமானவர். நம் ஊரில் ரணகள்ளி என்று சொல்லும் செடியின் இலையைக் காலையில் மென்றால் நல்ல புளிப்பாகவும், மதியத்தில் சப்பென்றும், மாலையில் லேசான கசப்பாகவும் இருப்பதை அவர் கவனித்தார். 1813இல் அதைக் கடிதமாக எழுதினார். 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சானது. முழு வேதியியலையும் அவிழ்க்க இன்னொரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ரணகள்ளி கிராசுலேசி குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்தின் பெயரையே இந்த வினைக்கும் வைத்து 'கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம்' என்றார்கள். ஒரு மனிதர் ஒரே செடியின் இலையை ஒரே நாளில் மூன்று தடவை மென்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கற்றாழையில் இதை நாக்கால் சோதிக்க வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. பி.எச். தாள் வாங்கிக்கொள்ளுங்கள். விடிகாலையில் இலையின் பச்சைத் தோலில் சிறு துண்டு சீவி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு நசுக்கித் தாளில் தொட்டுப் பாருங்கள். அதே இலையில் மாலை ஐந்து மணிக்கு இன்னொரு துண்டு. காலைத் துண்டு அதிக அமிலம் காட்டும்.

தொங்கும் செடிக்கு வருவோம். தண்ணீரே வராத நிலையில் இந்த வகைச் செடிகள் இன்னும் ஒரு படி இறங்கிவிடும். இரவிலும் துளைகளைத் திறப்பதில்லை. செல்கள் சுவாசிக்கும்போது வெளிவருகிற கார்பன் டைஆக்சைடையே வெளியே விடாமல் பிடித்து அமிலமாக்கி, பகலில் அதையே திரும்பச் சர்க்கரையாக்கி, உள்ளுக்குள்ளேயே சுற்றி ஓட்டும். இதில் வளர்ச்சி கிடையாது, உயிர் தங்கும். தடித்த மெழுகுத் தோல் கசிவைத் தடுக்கிறது. இலையின் நடுவிலுள்ள சோறு 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அசிமன்னான் என்ற கொழகொழப்பான பெருஞ்சர்க்கரை. அடி இலைகள் ஒவ்வொன்றாகத் தம் ஈரத்தை இழந்து காகிதமாக வற்றும், நடுக்குருத்து பச்சையாக நிற்கும். கடைவாசலில் தொங்கும் செடியின் வெளி இலைகள் சருகாக இருப்பது இதனால்தான். செடி தன்னையே தின்று காலம் தள்ளுகிறது.

இங்கே ஒரு வாட்ஸ்அப் செய்தியையும் முடித்துவிடலாம். 'கற்றாழை இரவில் ஆக்சிஜன் தரும், படுக்கையறையில் வையுங்கள்' என்று அது சொல்லும். கற்றாழை இரவில் செய்வது கார்பன் டைஆக்சைடை இழுப்பது மட்டும். ஆக்சிஜன் தண்ணீர் மூலக்கூறைப் பிளப்பதால் வருவது. அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே அது பகலில்தான் உண்டாகும். இழுக்கும் கார்பன் டைஆக்சைடும் ஒரு தொட்டிச் செடி அளவுக்குத்தான். ஜன்னலை ஒருக்களித்துத் திறந்து வைத்தால் அதைவிடப் பல மடங்கு காற்று மாறிவிடும். படுக்கையறையில் கற்றாழை வைப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. செடிக்குத்தான் வெயில் போதாது.

இனி மண். கரிசலில் பெரும்பாலும் 40 முதல் 60 சதவீதம் களித் துகள். அதிலும் ஸ்மெக்டைட் வகைக் களி. ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், வற்றினால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவு பாளம் பாளமாக வெடிப்பதும், மழை விழுந்ததும் காலை வைத்தால் செருப்போடு பிடித்துக்கொள்வதும் இந்த ஏடுகளின் வேலை. முதல் மழை வெடிப்பு வழியாகக் கடகடவென்று இறங்கும். மண் உப்பி வெடிப்பு மூடிய பிறகு, மேலே நிற்கும் தண்ணீர் மணிக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் உள்ளே போகும். உள்ளே போனது லேசில் வெளியே வராது. ஐப்பசியில் குடித்த ஈரத்தை மாசி வரை பருத்திக்கு ஊட்டுவது இந்தக் குணம்தான். மானாவாரி விவசாயமே இதன் மேல் நிற்கிறது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறைகளில் முக்கியமானது, பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது. மழை விழுந்தபின் கரிசலுக்குள் ஏர் இறக்க முடியாது என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை.

பருத்தியை வாழவைக்கும் அதே குணம் கற்றாழைக்கு எமன். கற்றாழையின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம். கல்லும் சரளையும் கலந்த சரிவுகளில், எப்போதாவது பெய்யும் மழை இறங்கி ஓடிவிடும் இடங்களில் வளர்ந்த இனம். வேர் ஆழமாகப் போகாது, மேல்மண்ணில் பரவும், காற்று கேட்கும். களித் துகள்களின் இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றால் வேருக்கு ஆக்சிஜன் கிடையாது. மூச்சுமுட்டிச் செத்த வேரில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறும். அடித்தண்டு கொழகொழவென்று ஆகும். ஒரு நாள் இலையைப் பிடித்துத் தூக்கினால் செடி வேரில்லாமல் கையோடு வரும்.

தொட்டியில் கரிசல் செய்யும் இன்னொரு வேலை கவனிக்கத்தக்கது. மண் காய்ந்து சுருங்கும்போது தொட்டியின் சுவரை விட்டு விலகி, சுற்றிலும் ஒரு விரல்கடை சந்து விழும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கி ஓட்டையில் ஓடிவிடும். நடுக்கட்டி காய்ந்தே கிடக்கும். 'எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடுகிறது' என்று மேலும் ஊற்றுவீர்கள். பிறகு அடைமழை வரும். கட்டி உப்பி, சந்தை அடைத்து, ஓட்டையையும் அடைத்துவிடும். கோவில்பட்டி வட்டாரத்துக்கு ஆண்டு முழுவதற்கும் மழை 700 மில்லிமீட்டர் சொச்சம், அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். 2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், கோவில்பட்டியில் 50 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. வானம் பார்த்த பூமி என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்த ஊரின் கற்றாழைக்கு வறட்சியால்தான் ஆபத்து என்று நினைப்பது தவறு. வறட்சியை அது பார்த்துக்கொள்ளும்.

ஆகவே தொட்டிக்குக் கரிசல் வேண்டாம். செவல் மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய ஆட்டுப்புழுக்கை ஒரு கைப்பிடி போதும். மணல் விற்கும் விலைக்கு, உடைந்த செங்கல்லையோ ஓட்டையோ பட்டாணி அளவுக்குத் தட்டிப் போட்டாலும் அதே வேலை செய்யும். எம்-சாண்ட் என்றால் மாவுப்பொடியை அலசிக் கழித்துவிட்டுப் போடுங்கள். கரிசல் தவிர வேறு வழியே இல்லையென்றால் அது ஒரு பங்கு, செங்கல் சல்லி இரண்டு பங்கு. ஆழமான தொட்டியைவிட அகலமான மண்தொட்டி நல்லது. சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். தரையில் வைப்பதானால் சரளையும் மண்ணுமாக ஓரடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். ஊர்ப்புறத்துப் பாறைச் சரிவிலும் சரளை மேட்டிலும் கற்றாழை தானாகச் செழிப்பதற்கு இதுவே காரணம்.

தண்ணீருக்கு நாள் கணக்கு சொல்ல மாட்டேன். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். கோடையில் வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்று வரும். புரட்டாசி கடைசியில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் இழுத்துவிட்டால் தை வரை அதை மறந்துவிடலாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மண்ணின் மேல் வெள்ளை பூக்கும்; ஒரு கோடைமழையில் நனையவிட்டால் கழுவிக்கொண்டு போகும். இலை மெலிந்து உட்பக்கம் சுருண்டால் தாகம். இலை கண்ணாடி போல் மங்கி அடியில் மெத்தென்று ஆனால் அழுகல். நிழலில் இருந்ததைத் திடீரென்று சித்திரை வெயிலில் வைத்தால் செம்பழுப்பாகும். அது நோய் அல்ல, வெயிலுக்கு எதிரான நிறமி. பழகியபின் பச்சை திரும்பும்.

அழுகல் கண்டால் தயங்காமல் பிடுங்குங்கள். கறுத்த வேரையும் தண்டையும் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் ஒரு வாரம் காயப்போட்டு, காய்ந்த கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். ஒரு வாரம் வேரில்லாமல் கிடந்தால் செத்துவிடுமே என்ற பயம் வரும்போது கடைவீதியை நினைத்துக்கொள்ளுங்கள். புதுச் செடிக்கு விதை தேட வேண்டாம், வெட்டிய இலையை நட்டும் பயனில்லை, அது அழுகும். அடியில் வரும் பக்கக் கன்றைத்தான் பிரித்து வைக்க வேண்டும்.

அடுத்து, அறுவடை. இலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று பகுதி தெரியும். வெளியே பச்சைத் தோல். உள்ளே கண்ணாடிச் சோறு. இரண்டுக்கும் நடுவே, தோலை ஒட்டி, மஞ்சளாகக் கசியும் பால். அந்த மஞ்சள்தான் விஷயம். அதில் அலோயின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. ஆடு வாய் வைத்தால் பல் முதலில் இறங்குவது அந்த இடத்தில்தான். ஆடு மேயும் காட்டில் வேலியில்லாமல் கற்றாழை நிற்கிறதென்றால் அதற்குக் காவல் இந்தக் கசப்பு. மனிதர் விழுங்கினால் அலோயின் பெருங்குடல் வரை அப்படியே போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் உருமாறி, குடலைச் சுண்டி இழுத்துப் பேதியாக்கும். சித்த மருத்துவம் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறது. இந்தப் பாலை வற்றவைத்துக் கிடைப்பதுதான் நாட்டு மருந்துக்கடைக் கரியபோளம். அமெரிக்காவில் கடையில் நேரடியாக வாங்கும் மலமிளக்கிகளில் கற்றாழைப் பாலைச் சேர்ப்பதை 2002இல் நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்பானது என்பதற்கான தரவை உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை. பிறகு, மஞ்சள் நீக்காத முழு இலைச் சாற்றை இரண்டு ஆண்டு குடிநீரில் கலந்து கொடுத்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. அதை வைத்து உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முழு இலைச் சாற்றை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. எலிக்கு வந்தது மனிதருக்கு வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் இலையைத் தோலோடு மிக்ஸியில் அடித்துத் தினமும் வெறும் வயிற்றில் குடிப்பவர்களுக்கு இது போதுமான எச்சரிக்கை.

பாட்டிமார் சொன்ன 'ஏழு தண்ணி' விதி இங்கே விஞ்ஞானத்தோடு கைகோக்கிறது. வெளிச்சுற்றின் அடி இலையைத் தண்டோடு ஒட்டி அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், மஞ்சள் வடியும். முள்ளோரத்தையும் தோலையும் தாராளமாகச் சீவி, சோற்றை ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவுவார்கள். அலோயின் தண்ணீரில் கரையும், அதனால் போகும். ஏழு என்ற எண்ணில் ஒன்றுமில்லை, கசப்பும் மஞ்சளும் போகும்வரை என்று பொருள். கழுவிய சோற்றை மோரில் அடித்து எப்போதாவது குடிப்பதில் பெரிய பயமில்லை. கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

தோலுக்குப் பூசுவதில் கற்றாழையின் பெயர் பெரியது. 1935இல் எக்ஸ்-ரே கதிரால் புண்ணான தோலுக்குப் பச்சை இலையை வைத்துக் குணம் கண்டதாக ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் எழுதியது; அதிலிருந்து ஆராய்ச்சிகள் பெருகின. ஆனால் 2012இல் காக்ரேன் அமைப்பு காயங்களுக்கான சோதனைகளைத் திரட்டியபோது தேறியவை 7 ஆய்வுகள், 347 பேர். நன்மை உண்டு என்று அடித்துச் சொல்ல அவை போதவில்லை. லேசான தீப்புண்ணில் எரிச்சல் தணிவது உண்மை. நீர்மயமான சோறு குளிர்ச்சி தரும், தோலை வறளவிடாது. தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீ பட்டால் முதல் மருந்து கற்றாழை அல்ல, குழாய்த் தண்ணீர். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். கொப்புளம் இல்லாத சின்னக் காயமென்றால் அதற்குப் பிறகு கற்றாழை பூசலாம். தோல் உரிந்திருந்தாலும், காயம் உள்ளங்கையைவிடப் பெரிதானாலும் ஆஸ்பத்திரிதான். முகத்தில் பூசுபவர்கள் முதல் நாள் முழங்கையின் உட்பக்கத்தில் தடவிப் பார்க்கட்டும், சிலருக்கு அரிக்கும்.

கடை ஜெல் வாங்கினால் லேபிளில் 'அலோ பார்படென்சிஸ்' என்றிருக்கும். அதே செடிதான். 1768 ஏப்ரலில் இரண்டு தாவரவியலாளர்கள் சில நாள் இடைவெளியில் ஆளுக்கொரு பெயர் அச்சிட்டார்கள். முந்திய பெயர் 'அலோ வெரா' நிலைத்தது, பிந்தியது அழகுசாதனக் கம்பெனிகளிடம் தங்கிவிட்டது. 2016இல் அமெரிக்காவில் பெரிய கடைகள் தம் பெயரில் விற்ற சில கற்றாழை ஜெல்களைப் பரிசோதித்தபோது அவற்றில் கற்றாழையின் அடையாளமே கிடைக்கவில்லை. அந்தப் பரிசோதனையில் தேடப்படும் அடையாளங்களில் அசிமன்னானோடு மாலிக் அமிலமும் ஒன்று. செடி இரவில் சேர்த்து வைக்கும் அதே அமிலம். உண்மையான சோறு வெட்டிய சில மணி நேரத்திலேயே நீர்த்துப் போகத் தொடங்கும், அசிமன்னான் சிதையும். ஆகவே அன்றன்றைக்கு வெட்டிப் பயன்படுத்துவதுதான் வீட்டுச் செடியின் பெரிய லாபம்.

ஒரு எச்சரிக்கை மீதம். ரயில் பாதையோரம் ஆளுயரம் நிற்கும் ரயில் கற்றாழை இது அல்ல. அது மெக்சிகோவிலிருந்து வந்த வேறு குடும்பம். வாழ்நாளில் ஒரே முறை பூத்துச் செத்துவிடும். அதன் சாற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் பட்டால் தோல் அரித்துத் தடித்துவிடும். இலையை ஒடித்தால் சோறு வராமல் நார் வந்தால் அது ரயில் கற்றாழை, கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

கன்று வைக்கத் தையும் மாசியும் தோதான மாதங்கள்: மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சித்திரைக்குள் வேர் பிடித்துவிடும், அடுத்த தையில் முதல் இலையை அறுக்கலாம்.